அவசரம் பிரகடனமாகாத வீடு

அவசரம் என்றால் அது முறைப்படி வரவேண்டும். இரண்டு நாளைக்கு முன் அறிவித்துவிட்டு, அலுவலக நேரத்தில், உரிய படிவத்தோடு வரவேண்டும். வீட்டு அவசர ஆயத்த அதிகாரசபையின் கொள்கை இதுதான். இதைத் தங்கள் துண்டுப்பிரசுரத்தில் இவ்வளவு தெளிவாகப் போட்டிருந்தால் ஹந்தானைத் தோட்டத்துக் கிளறன்ஸ் அந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார். துண்டுப்பிரசுரத்தில் இருந்தது வேறு. ஒரு தகப்பன், ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் இருட்டில் ஒரு டோர்ச் லைட்டைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளறன்ஸ் வீட்டில் இருட்டில் யாரும் சிரிப்பதில்லை. அவர் மனைவி ஜெஸ்மின் பத்தொன்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடைப் பகுதியில் வேலை செய்தவள். தூளில் பெரும்பகுதி பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறிப் போனது. மிச்சம் அவள் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. இப்போது அவள் மூச்சுவிடுவதற்கு ஒரு மெஷின் வேண்டும். கோவில் பாதர் எங்கோ சொல்லி இரவலாக எடுத்துக் கொடுத்த ஒக்சிஜன் மெஷின் அது. கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

கரண்ட் போனால் முதல் ஒரு மணித்தியாலம் ஜெஸ்மின் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேசாமல், அசையாமல் சமாளிப்பாள். இரண்டாவது மணித்தியாலத்தில் உதடும் நகமும் நீலம் பாயும். மூன்றாவது மணித்தியாலம் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டி வருமோ என்ற பயத்தில்தான் கிளறன்ஸ் தினமும் படுத்து எழும்பினார்.

அவர் கெலிஓயாவில் மக்கீன் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் கீப்பர். விஷயம் தெரிந்ததும் மக்கீன் ஒரு நாள் அவரைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்.

“கிளறன்ஸ், இந்த பெட்டரியும் இன்வேர்ட்டரும் இங்க சும்மா ஈக்கி. எடுத்துட்டுப் போங்க. ஊட்ல மனுசி மூச்சுக்குத் தவிக்கக்குள்ள ராக்கையில வெச்சு நான் என்னத்த செய்ற?”

அந்த பெட்டரி நாலு மணித்தியாலம் இழுத்தது. கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். அதற்குப் பிறகு வந்த இரண்டு கரண்ட் கட்டும் ஜெஸ்மினுக்குத் தெரியாமலே போயின. வீட்டு அவசர ஆயத்தம் என்ற காரியம் அத்தோடு முடிந்திருந்தது. துரதிர்ஷ்டவசமாக, அதற்கென்று ஒரு அதிகாரசபை இருந்தது.

அதிகாரசபை வீடுகளுக்குக் கொடுக்கும் ஆயத்தப் பெட்டியைக் கேட்டுக் கிளறன்ஸ் எப்போதோ போட்டிருந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் கள உத்தியோகத்தர் லூக்காஸ் வீட்டுப் படியேறினார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர். யாரையும் அதட்டமாட்டார், லஞ்சம் வாங்கமாட்டார், சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட விடமாட்டார். அதனால்தான் அவரிடமிருந்து தப்ப வழியில்லை.

“இஞ்ச கட்டிலுக்குக் கீழ என்ன?”

“பெட்டரி சேர். முதலாளி தந்தாரு.”

லூக்காஸ் உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்ப உங்கட வீடு ஏற்கெனவே ஆயத்தமான வீடு. ஆயத்தமான வீட்டை நாங்கள் ஆயத்தப்படுத்தேலாது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆயத்தம்தான்.”

“ரெண்டும் இருந்தா நல்லதுதானே சேர்? இது நாலு மணித்தியாலம் தாங்குது. உங்க பெட்டியில உள்ளது?”

“எட்டு மணித்தியாலம். அதோட டோர்ச், ரேடியோ, முதலுதவிச் சாமான், நெருப்புப்பெட்டி இரண்டு. எல்லாம் தரமான சாமான்.”

எட்டு மணித்தியாலம். கிளறன்ஸின் மனம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. மறுநாளே முதலாளியின் பெட்டரியையும் இன்வேர்ட்டரையும் கடைக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு த்ரீவீலரில் ஏற்றினார். ஜெஸ்மின் குழாயை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: “ஏங்க, கையில இருக்கிறத குடுத்துட்டு வாறத நம்புறதா?”

“கவர்மென்ட் குடுக்கிறது புள்ள. கையெழுத்தெல்லாம் வாங்குறாங்க.”

கையெழுத்து வாங்கினார்கள்தான். படிவம் சிங்களத்தில் இருந்தது. கிளறன்ஸுக்குச் சிங்களம் பேச வரும், சண்டை போடவும் வரும்; வாசிப்பு மட்டும் பஸ் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. தமிழ்ப் படிவம் மூன்று வருடமாக மொழிபெயர்ப்பில் இருப்பதாக லூக்காஸ் சொன்னார். “நீங்கள் ஸ்டோர் கீப்பர்தானே? சாமானைப் பாதுகாக்கிறது உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை” என்றும் சொன்னார். அந்த வார்த்தை கிளறன்ஸுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையோடு ஐந்து இடத்தில் ஒப்பமிட்டார். பெட்டியைப் பயன்படுத்துபவர் என்ற கோட்டின் மேல் இல்லை, அரசாங்கத்தின் பெட்டியைக் காவல் காப்பவர் என்ற கோட்டின் மேல்.

பெட்டி கையளிக்கும் வைபவம், தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு முன்னாலிருந்த திடலில் நடந்தது. கிளறன்ஸின் வீடு மாதிரி வீடாகத் தெரிவாகியிருந்தது. ஒன்பது மணிக்கு வரவேண்டிய பிரதிப் பணிப்பாளர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். வெற்றிலை கொடுத்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் பேண்ட் வாசித்தார்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது மலைக்காற்று மூன்று முறை அணைத்துவிட்டது. நாலாவது முறைக்கு நெருப்புக்குச்சி இல்லை. அவசர ஆயத்த அதிகாரசபையிலிருந்து வந்திருந்த பதினெட்டுப் பேரில் ஒருவரிடமும் ஒரு நெருப்புப்பெட்டி இல்லை. மேசைமேல் இருந்த பெட்டிக்குள் இரண்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெட்டிக்கு சீல் வைத்தாயிற்று. கடைசியில் பக்கத்து வீட்டு ரத்தினம்மா அடுப்படியிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையைக் கொண்டுவந்து கொடுக்க, பிரதிப் பணிப்பாளர் அதனால் விளக்கேற்றினார். புகைப்படக்காரர் கொள்ளிக்கட்டை தெரியாதபடி படம் எடுத்தார்.

அடுத்தது மைக். திடலில் கரண்ட் எடுக்க இடமில்லை. மைக் செட்காரர் வயரை ஜன்னல் வழியாகக் கிளறன்ஸ் வீட்டுக்குள் இழுத்தார். அந்த வீட்டில் ஒழுங்காக வேலைசெய்யும் பிளக் பொயின்ட் ஒன்றுதான்.

“அஞ்சே நிமிசம் அண்ணே” என்று சொல்லிக்கொண்டு அவர் மெஷினின் வயரைப் பிடுங்கினார்.

“அன்பார்ந்த மக்களே!” என்று பிரதிப் பணிப்பாளர் தொடங்கினார். “ஆயத்தம் என்றால் என்ன? சிலர் கேட்கிறார்கள், இத்தனை வருடத்தில் அதிகாரசபை என்ன செய்தது என்று. சென்ற வருடம் மட்டும் ஆயத்தம் பற்றி நூற்று நாற்பது கூட்டம் நடத்தினோம். வெள்ளத்தால் ஒரு கூட்டம்கூடத் தடைப்படவில்லை. வெள்ளம் வந்த இடத்தில் கூட்டத்தை உயரமான ஹோட்டல்களுக்கு மாற்றினோம். அதுதான் ஆயத்தம்!”

பின்வரிசையில் இருந்த உத்தியோகத்தர்கள் கை தட்டினார்கள்.

“இந்தப் பெட்டியைப் பாருங்கள். இன்று எப்படி இருக்கிறதோ, பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். ஒரு சாமான் குறையாது. ஒரு கை இதற்குள் போகாது. அதற்கு நான் உத்தரவாதம்!”

பேச்சு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியது. ஜெஸ்மின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கையை அசைத்தாள். பிரதிப் பணிப்பாளர் அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்து, தானும் கையை அசைத்தார். மேடையில் மாலையோடு நின்றுகொண்டிருந்த கிளறன்ஸ், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, மைக் வயரைப் பிடுங்கிவிட்டு மெஷினின் வயரைச் சொருகினார். அவள் உதடு கறுத்துப்போயிருந்தது. நன்றியுரை மைக் இல்லாமல் நடந்தது. வெளியே வந்து எல்லோரிடமும் “மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க” என்று கும்பிட்டார் கிளறன்ஸ்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. பச்சை நிற இரும்புப் பெட்டி. கொண்டியில் கம்பி கோத்து ஈய முத்திரை. அதன்மேல் ஒட்டிய கடதாசியில் ரப்பர் முத்திரை. மூடியில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. படிவத்தைத் தமிழில் தர முடியாதவர்கள் தண்டனையை நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்: மாவட்ட அவசரப் பிரகடனம் இன்றி முத்திரையை உடைப்பது குற்றம். கிளறன்ஸ் அதை மூன்று முறை வாசித்துவிட்டுத்தான் விஷயம் புரிந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை லூக்காஸ் வந்து பூதக்கண்ணாடியால் முத்திரையைப் பார்ப்பார். ஜெஸ்மின் பெட்டிமேல் மாதா சுரூபத்தை வைத்திருந்தாள். பெட்டிமேல் எந்தப் பாரமும் வைக்கக்கூடாது என்று லூக்காஸ் குறிப்பெழுதி, சுரூபத்தைத் தானே பக்தியோடு தூக்கி அலுமாரிமேல் வைத்துவிட்டுப் போனார்.

முத்திரையைவிடப் பெரிய பயம் ஒன்று கிளறன்ஸை அரித்தது. பெட்டரி விற்கிற கடையில் இருபத்தாறு வருடம் இருந்தவர் அவர். சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்டரிக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அரைநாள் லீவு போட்டு அதிகாரசபையின் கண்டிக் கிளைக்குப் போனார். மூன்றாம் மாடியில் லூக்காஸ் இருந்தார்.

“சேர், உள்ள இருக்கிற பெட்டரிய மாசத்துக்கு ஒருக்காவது சார்ஜ் பண்ணணும். இல்லாட்டி செத்துப்போயிரும்.”

“சார்ஜ் செய்யிறதெண்டால் திறக்கவேணும். திறந்தால் பாவிச்சதாப் போயிடும். பாவிச்ச சாமானை எப்பிடி அவசரத்துக்கு வைக்கிறது?”

“செத்த பெட்டரிய வச்சு என்ன சேர் பண்றது?”

லூக்காஸ் சுற்றுநிருபத்தைப் புரட்டினார். ஆறுதலான ஒரு பந்தி அகப்பட்டது. “இருக்கு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் முன்னிலையில திறந்து சார்ஜ் செய்யலாம்.”

“அவரு எங்க சேர் இருக்காரு?”

“அந்தப் பதவி வெற்றிடம். ஆள் எடுக்கிறதுக்கு விளம்பரம் போடப்போகினம்.”

கிளறன்ஸ் ஏழு கடிதம் எழுதினார். ஏழுக்கும் பதில் வந்தது. ஏழும் கடிதம் கிடைத்ததாகச் சொன்னது.

மக்கீன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். “யா அல்லாஹ்! பழைய பெட்டரி வித்துப் பெய்த்து. பரவால்ல, வேற ஒண்டு தாறன். எடுத்துட்டுப் போங்க.”

“செவ்வாக்கெழம இன்ஸ்பெக்சன் மொதலாளி. வீட்ல வேற பெட்டரி இருந்தா கேஸ் போடுவாங்களாம். அது முடியட்டும், வந்து எடுத்துக்கிறேன்.”

இது சனிக்கிழமை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல்மலையில் ஒரு பைன் மரம் வேரோடு சாய்ந்து, கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு பாதைக்குக் குறுக்கே விழுந்தது. மெஷின் ஒரு முறை கூவிவிட்டு நின்றது. ஜெஸ்மின் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாகனம் மரத்தைத் தாண்டி வரமுடியாது என்று சொன்னார்கள். கிளறன்ஸ் அதிகாரசபைக்கு போன் அடித்தார். லூக்காஸ்தான் எடுத்தார்.

“சேர், கரண்ட் போயிருச்சு. பெட்டிய திறக்கிறதுக்கு அனுமதி குடுங்க சேர். கும்புடுறேன்.”

“பிரகடனம் வந்தவுடன திறக்கலாம். அது கொழும்பில இருந்து கொம்பியூட்டரில வரும்.”

“வந்திருச்சா சேர்?”

“தெரியேல்ல. இஞ்சயும் கரண்ட் இல்லை. கொம்பியூட்டர் வேலை செய்யாது.”

“உங்க ஆபீஸுக்குன்னு ஒரு பெட்டி இருக்குமே சேர்?”

“இருக்கு” என்றார் லூக்காஸ். “அதுக்கும் சீல்தான்.”

பதினொன்றரை. ஜெஸ்மினின் நகம் நீலமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணி எண்ணி இழுத்தாள். கிளறன்ஸ் அவள் முதுகைத் தடவினார், விசிறினார், மறுபடியும் போன் அடித்தார்; லைன் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவள் அவர் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. அவர் எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். ஒரே அடியில் ஈயம் தெறித்துப்போனது.

உள்ளே எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. டோர்ச், ரேடியோ, பஞ்சு, மருந்துத்துணி, பிரதிப் பணிப்பாளரின் வர்ணப் படத்தோடு ஒரு வாழ்த்துச் செய்தி. அடியில் பெட்டரியும் இன்வேர்ட்டரும். மெஷினின் வயரை இன்வேர்ட்டரில் கொடுத்து சுவிட்சைப் போட்டார். ஒரு சிவப்பு வெளிச்சம் மினுங்கி அணைந்தது. மறுபடி போட்டார். அதுவும் இல்லை. பெட்டரி எட்டு மாதத்துக்கு முன்னாலேயே சாகத் தொடங்கி, யாரும் பார்க்காமல் செத்து முடிந்திருந்தது. தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் கிளறன்ஸ் அதன்முன் முழந்தாளிட்டு, சுவரில் தலையை முட்டுகிறவர் போலப் பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதார்.

“அழுறதுக்கு இப்ப நேரமா?” என்று கத்தினாள் ரத்தினம்மா. “மொதலாளிக்கு போன போடுங்க! மரத்துக்கு அந்தப் பக்கம் லொறி வரட்டும்! நாங்க புள்ளைய தூக்கிட்டு வாறோம்!”

லயத்தில் இருந்த ஆட்கள் ஒரு கதிரைக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பைக் கட்டினார்கள். ஜெஸ்மினை அதில் வைத்துச் சேலையால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, கொட்டுகிற மழையில் ஆறு பேர் தூக்கினார்கள். பாதி வழியில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெஷினைத் தோளில் வைத்துப் பின்னால் ஓடிவந்த கிளறன்ஸ், “ஜெஸ்மின், ஜெஸ்மின்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மக்கீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, லொறியை ஓடவிட்டபடி, புது இன்வேர்ட்டரின் வயரைப் பல்லால் கடித்துச் சீவிக்கொண்டு நின்றார்.

லொறித் தட்டிலேயே மெஷின் ஓடத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவள் கண் திறந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதே நாள் காலை பத்து மணிக்கு அதிகாரசபையில் விசாரணைக்கு வரும்படி கிளறன்ஸுக்குக் கடிதம். ஹந்தானையில் இன்னும் கரண்ட் வரவில்லை. ஜெஸ்மினைக் கெலிஓயாவில் தன் வீட்டிலேயே சில நாள் வைத்திருக்கலாம் என்று மக்கீன் சொல்லியிருந்தார். போகும் வழியில் லொறியைக் கீழே நிறுத்திவிட்டுக் கிளறன்ஸ் மூன்று மாடி ஏறினார்.

லூக்காஸ் கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார். மேசைமேல் மாவட்ட அறிக்கை இருந்தது. வழங்கிய பெட்டிகள் நானூற்றுப் பன்னிரண்டு. புயல்மழைக்குப் பின் முத்திரை பழுதில்லாமல் இருந்தவை நானூற்றுப் பதினொன்று.

“நூறு வீதம் வந்திருக்கவேண்டியது” என்றார் வருத்தத்தோடு. “பரவாயில்லை. உங்களுக்கு ஏதும் வழி இருக்கோ எண்டுதான் ராத்திரியும் இருந்து பாத்தனான். பிரகடனம் வரேல்ல. ஆனால் வீட்டளவில அவசரம் நடந்ததெண்டு நிரூபிச்சால் குற்றத்தைத் தள்ளுபடி செய்யலாம். பதினாலாம் நிரல்.”

“நடந்துச்சே சேர். கண்ணால பாத்தேனே.”

“உங்கட மனுசி இப்ப எப்பிடி? உயிரோட இருக்கிறாவோ?”

“மாதா புண்ணியத்துல இருக்கா சேர். கீழ லொறியிலதான் இருக்கா.”

லூக்காஸின் பேனா நிரலுக்கு மேல் நின்றது. அவர் முகம் விழுந்துவிட்டது. “ஐயோ. அப்ப எப்பிடி அவசரம் எண்டு எழுதுறது? பதினாலாம் நிரலில இறந்தவர்களின் எண்ணிக்கை கேட்டிருக்கு. ஒண்டு எண்டு போட்டால் போதும், எல்லாம் சரிவந்திடும். தண்டனை இல்லை. இறுதிக்கிரியைக்கு உதவியும் இருக்கு. பூச்சியம் போட்டால்…” அவர் கையை விரித்தார். “உயிரோட இருக்கிற ஆளை வைச்சு நான் என்ன செய்யிறது?”

கிளறன்ஸுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நமக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே என்று தோன்றியது.

“மன்னிச்சிருங்க சேர்” என்றார்.

லூக்காஸ் அதையும் எழுதினார்: பெட்டிக் காவலர் தன் தவறுக்கு மன்னிப்புக் கோரினார்.

கீழே வந்தபோது ஜெஸ்மின் லொறியின் முன்னாசனத்தில் குழாயோடு சாய்ந்திருந்தாள். மக்கீன் பக்கத்தில் இருந்தார். “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். கிளறன்ஸ் மறைக்கத் தெரியாதவர். பதினாலாம் நிரலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னார்.

ஜெஸ்மின் அவரையே பார்த்தாள். பேசுவதற்கு அவள் மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தாள்.

“எல்லாத்துக்கும்… எல்லார்கிட்டயும்… மன்னிப்பு கேட்டீங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல.” நிறுத்தி, மறுபடி இழுத்தாள். “நான் உயிரோட இருக்கிறதுக்குமா?”

கிளறன்ஸ் லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் மேலே என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. மக்கீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திரும்ப மூன்று மாடி ஏறினார். லூக்காஸ் அறிக்கைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“சேர், அந்த மன்னிப்ப வெட்டிருங்க.”

“எந்த மன்னிப்பு?”

“எம் பொஞ்சாதி சாகாம இருக்கிறதுக்கு நான் கேட்டேனே, அது.”

“அது பதிஞ்சாச்சு கிளறன்ஸ். பதிஞ்சதை வெட்டுறதெண்டால் பிரதிப் பணிப்பாளர் ஒப்பம் வைக்கவேணும். அவர் இண்டைக்கு ஒரு பெட்டி வைபவத்துக்கு…”

கிளறன்ஸ் மேசைக்கு மேலால் கையை நீட்டி, லூக்காஸின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியைத் தேடிப் பிடித்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். போதவில்லை. அழுத்தி இன்னொன்று இழுத்தார். கடதாசி கிழிந்தது.

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“இப்ப அவருகிட்ட கையெழுத்து வாங்கிக்கிங்க” என்றார்.